31 பேரல் எண்ணெய்: மாற்றுவதா, ஓடவிட்டே சுத்தம் செய்வதா?

அன்று விடிகாலை ஐந்தரைக்கு எங்கள் மின்நிலையத்தின் கேஸ் டர்பைன் மெஷினுக்கு ஸ்டார்ட் கொடுத்தோம். கிராங்கிங் சரி, ஃபயரிங் சரி, வேகம் 80 சதவீதத்தைத் தாண்டியது. அந்த இடத்தில் கம்ப்ரஸர் வாயிலில், உள்ளே போகும் காற்றை வழிப்படுத்தும் ஐ.ஜி.வி. இதழ்கள் 34 டிகிரியிலிருந்து 57 டிகிரியை நோக்கித் திறக்க வேண்டும். திறக்கவில்லை. ஸ்கிரீனில் கட்டளைக் கோடு ஏறுகிறது. இதழ்களின் நிலையைக் காட்டும் கோடு படுத்தே கிடக்கிறது. மெஷின் தானே நின்றுவிட்டது, டிரிப். இரண்டாவது முறையும் அதே இடத்தில் டிரிப். லூப் ஆயிலை, அதாவது மசகு எண்ணெயை, ஒரு மணி நேரம் சுற்றவிட்டு, டேங்க் ஹீட்டரையும் போட்டு மூன்றாவது முறை கொடுத்தபோது, ஒன்றுமே நடக்காததுபோல வழுக்கிக்கொண்டு திறந்தது.

ஷட் டவுனில், எண்ணெய் அழுத்தத்தால் அந்த இதழ்களை அசைக்கும் சர்வோ வால்வைக் கழற்றினோம். சர்வோவை சைட்டில் பிரிக்கக் கூடாது, ரிப்பேருக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. இது ஏற்கெனவே இரண்டு முறை ரிப்பேருக்குப் போய் வந்து, இனித் தேறாது என்று எழுதி வைத்த பீஸ் என்பதால் துணிந்து பிரித்தோம். உள்ளே முன்னும் பின்னும் நகரும், சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஸ்பூல். அதன் மேல் தேன் நிறத்தில் மெல்லிய பூச்சு. எங்கள் ஃபிட்டர் அண்ணன் அதை வெளிச்சத்தில் பிடித்து உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தொடைச்சாப் போறது அழுக்கு சார். இது போவாது. முறுக்குச் சட்டி வெளிப்பக்கம் ஏறிக் கெடக்கும் பாருங்க, அது மாதிரி. நகத்தால சொரண்டிப் பாருங்க." சுரண்டிப் பார்த்தேன். வரவில்லை.

அடுத்த வாரமே மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. டிசம்பர் ஷட் டவுனில் எண்ணெயை மொத்தமாக மாற்றிவிடலாமா, இல்லை வார்னிஷ், அதாவது கெட்ட எண்ணெய் இப்படி ஒட்டும் பூச்சு, அதை எடுக்கும் மெஷின் வாங்கலாமா, எந்த மெஷின்? ஒப்பிட்டு ஒரு குறிப்பு எழுதித் தா என்றார்கள். அந்தக் குறிப்பு இரண்டு பக்கம். எழுதுவதற்காகப் படித்ததும் கேட்டதும் அதைவிட அதிகம். இதே கேள்வியோடு இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று விரித்து எழுதுகிறேன். எந்த நிலையம் என்று மட்டும் கேட்க வேண்டாம்.

ஒரே எண்ணெய், மூன்று வேலை

எங்களுடையது ஜி.இ. நிறுவனத்தின் ஃபிரேம் 6பி வகை. 40 மெகாவாட்டை ஒட்டிய மெஷின். டர்பைன் நிமிடத்துக்கு 5,100 சுற்றை ஒட்டி ஓடுகிறது. லோட் கியர் அதைக் குறைத்து ஜெனரேட்டரை 3,000இல் ஓட்டுகிறது. எண்ணெய் டேங்க் தனியாக எங்கோ இல்லை, துணைக் கருவிகள் உட்காரும் ஆக்ஸசரி பேஸுக்குள்ளேயே இருக்கிறது. கொள்ளளவு 1,700 அமெரிக்க கேலன், அதாவது சுமார் 6,400 லிட்டர். பேரல் கணக்கில் 31. எண்ணெய் ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 32 தரத்து மினரல் டர்பைன் ஆயில்.

டேங்கிலிருந்து எண்ணெயை எடுக்க மூன்று பம்ப்கள். மெயின் பம்ப் ஆக்ஸசரி கியரிலேயே மாட்டியிருக்கிறது. டர்பைன் சுற்றினால் அதுவும் சுற்றும், கரன்ட் வேண்டாம். ஸ்டார்ட் ஆகும்போதும் நிற்கும்போதும் ஷாஃப்ட்டின் வேகம் போதாது என்பதால் ஏ.சி. மோட்டாரில் ஓடும் ஆக்ஸிலரி பம்ப். அதுவும் போனால், அதாவது நிலையமே இருட்டானால், பேட்டரியில் 125 வோல்ட் டி.சி.யில் ஓடும் எமர்ஜென்சி பம்ப். ரோட்டர் ஓய்ந்து நிற்கும்வரை பேரிங்குக்கு எண்ணெய் கிடைக்க வேண்டும் என்பது மட்டுமே இந்த மூன்றாமவரின் கடமை. அதை வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்க்காத நிலையத்தில் நான் இரவு ஷிஃப்ட் பார்க்க மாட்டேன். ஆனால் அது வேறு கட்டுரை.

பம்பைத் தாண்டியதும் கூலர், அதன் பிறகு ஜோடி ஃபில்டர். ஒன்று வேலையில் இருக்கும், மற்றது காத்திருக்கும், ஓடும்போதே மாற்றிக்கொள்ளலாம். எலிமென்ட் 5 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அதன் பிறகு கிளைகள் பிரியும் பெரிய குழாயான ஹெடர்: அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1.7 கிலோவை ஒட்டி, வெப்பம் 54 டிகிரியை ஒட்டி. 74 டிகிரியில் அலாரம், 79இல் டிரிப். அழுத்தம் அரை கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும்போதே டிரிப். இந்த ஹெடரிலிருந்து டர்பைனின் இரண்டு பேரிங், லோட் கியர், ஜெனரேட்டர் பேரிங், ஆக்ஸசரி கியர் எல்லாவற்றுக்கும் எண்ணெய் போய், உராய்வின் சூட்டை வாங்கிக்கொண்டு தானாக வழிந்து டேங்குக்கு வந்துவிடும். முழு எண்ணெயும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இந்தச் சுற்றை முடித்துவிடுகிறது.

இதுவரை லூப் ஆயிலின் வேலை. இதே ஹெடரிலிருந்து ஒரு கிளை ஹைட்ராலிக் பம்புக்குப் போகிறது. அங்கே அழுத்தம் 80 கிலோவுக்கு மேல் ஏறி, ஐ.ஜி.வி.யையும் கேஸ் வால்வுகளையும் அசைக்கும் சர்வோக்களுக்குள் நுழைகிறது. இன்னொரு கிளை டிரிப் ஆயில்: அதன் அழுத்தம் விழுந்தால் கேஸ் வால்வு மூடும், மெஷின் நிற்கும். பேரிங்கைக் குளிப்பாட்டிவிட்டு வந்த அதே எண்ணெய்தான் ஒரு தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்கு இடைவெளி உள்ள சர்வோவுக்குள்ளும் போகிறது. இந்த வகை மெஷினின் அமைப்பே அதுதான். பேரிங்குக்குப் பெருந்தன்மை உண்டு. லேசான வார்னிஷை அது கண்டுகொள்ளாது, வெப்பம் ஓரிரு டிகிரி ஏறும், அவ்வளவுதான். சர்வோவுக்கு அந்தக் குணம் கிடையாது.

விமான எஞ்சினிலிருந்து பிறந்த ஏரோ டெரிவேட்டிவ் மெஷின் வைத்திருப்பவர்கள் இங்கேயே நின்றுவிடலாம். அவர்களுடைய எஞ்சினில் ஓடுவது எஸ்டர் வகை சின்தெடிக் எண்ணெய். பேரிங்கும் உருளும் வகை. அந்தக் கணக்கு வேறு.

எண்ணெய் ஏன் பிசுக்காகிறது

எண்ணெயைக் கெடுப்பவை சூடு, காற்று, தீப்பொறி. இரண்டாவது பேரிங் எக்ஸாஸ்ட் பக்கம், நெருப்புக்கு அண்டை வீட்டில் இருக்கிறது. எண்ணெய் வெளியே கசியாமலிருக்க பேரிங் ஹவுசிங்குக்குக் கம்ப்ரஸரிலிருந்து சீலிங் ஏர் கொடுக்கிறோம். அந்தச் சூடான காற்று எண்ணெயோடு கலக்கிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஆக்சிஜனேற்றத்தின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பழைய பாடம். காற்றுக் குமிழி ஹைட்ராலிக் பம்பில் சட்டென்று நசுங்கும்போது அந்தப் புள்ளியில் மட்டும் சூடு பல நூறு டிகிரி தாண்டி எண்ணெய் கருகுகிறது. மூன்றாவதைப் பலர் நம்புவதில்லை. சுத்தமான எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. நெருக்கமான கண்ணுள்ள ஃபில்டரில் உரசி வேகமாகப் போகும்போது நிலைமின்சாரம் சேர்ந்து சட் சட்டென்று பொறி விடும். எங்கள் ஃபில்டர் ஹவுசிங்கில் காதை வைத்தால் நக அடியில் பேன் நசுக்கும் சத்தம்போல் கேட்கும். வருடக்கணக்காக அதை ஏதோ லூஸ் பாகம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இவற்றால் உருவாகும் கழிவு ஒரு மைக்ரானுக்கும் சிறியது. 5 மைக்ரான் ஃபில்டருக்கு அது கண்ணிலேயே படாது. கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: எண்ணெய் சூடாக இருக்கும்வரை இந்தக் கழிவு கரைந்தே இருக்கும். பாகில் சர்க்கரை கிடப்பதுபோல. ஆறினால் பிரிந்து, கிடைத்த உலோகத்தில் ஒட்டும். முன்பு வந்த, குறைவாகச் சுத்திகரித்த குரூப் 1 எண்ணெய்களுக்குக் கரைக்கும் சக்தி கூடுதல். இப்போது வரும் குரூப் 2 எண்ணெய்கள் அதிக நாள் உழைக்கும், ஆனால் கழிவைக் கரைத்து வைத்துக்கொள்ளும் சக்தி குறைவு. எண்ணெய் மேம்பட்ட காலத்தில் வார்னிஷ் தொல்லை கூடியதற்கு இது ஒரு காரணம். ஜி.இ. நிறுவனம் இதைப் பற்றி 1528 என்ற எண்ணில் தொழில்நுட்பக் கடிதமே அனுப்பும் அளவுக்குப் பரவலான தொல்லை.

எங்கள் கதையும் அதுவே. முன்பு மெஷின் மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும், எண்ணெய் ஆறாது, வார்னிஷ் இருந்தும் தெரியவில்லை. கேஸ் குறைந்து, இரவில் நிறுத்திக் காலையில் எடுக்கும் முறைக்கு வந்தோம். ஹைட்ராலிக் பம்ப் நின்றதும் சர்வோவுக்குப் போகும் மெல்லிய குழாயில் எண்ணெய் அசையாமல் நின்று ஆறுகிறது. காலையில் ஸ்பூல் ஒட்டிக்கொள்கிறது.

முதலில் அளவு சரியா என்று பாருங்கள்

எந்த வழி என்று பேசும் முன் ஒரு எச்சரிக்கை. வார்னிஷை அளக்கும் சோதனைக்கு எம்.பி.சி. என்று பெயர், ஏ.எஸ்.டி.எம். டி 7843. 50 மில்லி எண்ணெயை அதே அளவு பெட்ரோலியம் ஈதரில் கலந்து, 0.45 மைக்ரான் வெள்ளை வில்லையில் வடிகட்டி, வில்லையின் நிறத்தைக் கருவியில் அளப்பார்கள். வரும் எண் டெல்டா ஈ. 15க்குள் என்றால் நிம்மதி, 30 வரை கவனம், 30 தாண்டினால் ஏதாவது செய்தாக வேண்டும், 40 தாண்டினால் ஏற்கெனவே தாமதம் என்பது துறையில் பொதுவாகச் சொல்லும் கணக்கு.

எங்கள் சாம்பிளுக்கு முதலில் வந்த ரிப்போர்ட்டில் 14 என்று இருந்தது. சர்வோ ஒட்டுகிறது, எண்ணெய் சுத்தம் என்கிறது ரிப்போர்ட். விசாரித்தால், சாம்பிள் போன மறுநாளே அளந்திருக்கிறார்கள். சோதனை முறைப்படி சாம்பிளை 60 டிகிரிக்கு மேல் ஒரு நாள் சூடாக்கி, பிறகு வெளிச்சம் படாமல் அறை வெப்பத்தில் மூன்று நாள் வைத்து, அதன் பிறகே வடிகட்ட வேண்டும். ஆறி, கழிவு பிரிந்து வர அந்த மூன்று நாள் தேவை. அதே நாளில் எடுத்த இன்னொரு பாட்டிலை வேறு லேபில் முறைப்படி வைத்துப் பார்த்தபோது 36. முதல் வில்லை இளம் டீ நிறம், இரண்டாவது டிகாக்‌ஷன் நிறம். இரண்டையும் ரிஜிஸ்டரில் அருகருகே ஒட்டி வைத்திருக்கிறேன். அவசரத்தில் வாங்கிய 14ஐ நம்பியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆறு சர்வோ வாங்கியிருப்போம்.

கூடவே எண்ணெயின் ஆயுளையும் பார்க்க வேண்டும். அதற்கு, ஆக்சிஜனேற்றத்தை எண்ணெய் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்கும் ஆர்.பி.வி.ஓ.டி. என்ற சோதனை. புது எண்ணெயின் மதிப்பில் 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் எண்ணெயின் காலம் முடிந்தது. ரூலர் சோதனை, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஃபீனால், அமீன் இரண்டும் தனித்தனியே எவ்வளவு மிச்சம் என்று சொல்லும். எங்களுக்கு ஆர்.பி.வி.ஓ.டி. 62 சதவீதம். அமில எண் ஏறவில்லை. எண்ணெய்க்கு உயிர் இருக்கிறது, உடம்பில் அழுக்கு ஏறியிருக்கிறது. முடிவின் பாதி இந்த ஓர் எண்ணிலேயே இருந்தது என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன்.

மொத்தமாக மாற்றுவது

மேலிடத்துக்கு மிகவும் பிடித்த வழி. ஒரே பர்ச்சேஸ் ஆர்டர், எல்லாருக்கும் புரியும், ஆடிட்டில் கேள்வி வராது. லிட்டர் 250 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தாலே 16 லட்சம். பழைய எண்ணெயைக் கண்டபடி விற்கவும் முடியாது; 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குத்தான், அதற்குரிய மேனிஃபெஸ்ட்டோடு, கொடுக்க வேண்டும்.

செலவைவிட என்னைத் தடுத்தது வேறு. எவ்வளவுதான் வடித்தாலும் குழாய் வளைவிலும் கூலரிலும் பேரிங் ஹவுசிங்கிலும் பழைய எண்ணெய் தங்கும். பத்தில் ஒரு பங்கு வரை என்பது அனுபவக் கணக்கு. அதைவிடப் பெரிய சங்கடம், சுவரில் ஒட்டிய வார்னிஷ் வடியாது. புது எண்ணெயை ஊற்றியதும் அது பழைய பூச்சைக் கரைக்கத் தொடங்கும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்தக் கழிவு எண்ணெய்க்குள் வந்து, புது எண்ணெயின் அமீனைத் தின்னத் தொடங்கிவிடும். எண்ணெய் மாற்றிய ஒரு வருடத்துக்குள் எம்.பி.சி. பழைய இடத்துக்கே வந்து நின்ற கதையைப் பக்கத்து மாநில நண்பர் ஒருவர் சொன்னார். எங்கள் ஃபிட்டர் அண்ணனுக்கு இதை விளக்கியபோது அவர் சுருக்கமாகச் சொன்னார்: "பழைய புளிப்பானையைக் கழுவாம புதுசா மாவு கரைச்ச மாதிரி."

சரி, கழுவலாமே? இங்கே இரண்டு வகைக் கழுவல் உண்டு, சேர்த்துக் குழப்புகிறார்கள். வெளிப் பம்ப் வைத்து அதிவேகத்தில் எண்ணெயை ஓட்டும் ஃபிளஷிங், ஓவர்ஹாலுக்குப் பிறகு மணல், வெல்டிங் துகள் எடுக்க அருமையானது. ஒட்டிய வார்னிஷுக்கு வேகம் மட்டும் போதாது. அடுத்தது கெமிக்கல் கிளீனர் கலந்து சில நாள் ஓடவிடுவது. அது வார்னிஷைக் கிளப்பும், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கிளீனரின் மிச்சம் புது எண்ணெயில் கலந்தால் நுரை அடங்காது, தண்ணீர் பிரியாது. அதனால் நடுவில் ஒரு டேங்க் ஃபிளஷிங் எண்ணெய் ஊற்றி ஓட்டி வெளியேற்ற வேண்டும். ஒன்றுக்கு இரண்டு எண்ணெய்ச் செலவு, ஷட் டவுனில் இன்னும் நான்கைந்து நாள். பெரிய துண்டாகப் பெயர்ந்த வார்னிஷ் ஒரு ஆரிஃபிஸை, அதாவது எண்ணெய் போகும் சிறு துளையை, அடைத்தால் யார் பொறுப்பு என்பதை வெண்டர் எழுதித் தரமாட்டார்.

ஆர்.பி.வி.ஓ.டி. 25க்குக் கீழே போயிருந்தால் இவ்வளவு பேச்சே இல்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். செத்த எண்ணெயை வடிகட்டி என்ன பயன்? அப்போதும் மாற்றுவதற்குச் சில மாதம் முன்பே வார்னிஷ் எடுக்கும் மெஷினை ஓட்டி, பழைய எண்ணெயை வைத்தே குழாய்களைச் சுத்தம் செய்துவிட்டுப் பிறகு வடிப்பது புத்திசாலித்தனம். புது எண்ணெய் வேறு கம்பெனியுடையது என்றால், பழையதோடு கலந்து பார்க்கும் சோதனையை ஊற்றுவதற்கு முன்பே செய்ய வேண்டும்.

எலெக்ட்ரோஸ்டாடிக் மெஷின்

டேங்கிலிருந்து எண்ணெயைத் தனியாக இழுத்து, ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்த தகடுகளுக்கு இடையே மெதுவாக விடுகிறது. மிதக்கும் துகள்கள் மின்னேற்றம் பெற்று, நடுவில் இருக்கும் காகித மடிப்பில் ஒட்டிக்கொள்கின்றன. ஒரு மைக்ரானுக்குக் கீழ்ப்பட்டதையும் பிடிக்கும். எண்ணெயைக் காக்கச் சேர்த்து, அதில் கரைந்திருக்கும் அடிட்டிவ்களைத் தொடாது. பிடித்த அழுக்கைக் கண்ணால் பார்க்கலாம். வெண்டர் கழற்றிக் காட்டிய கலெக்டரில் தார் மாதிரி அப்பியிருந்தது. அதைப் பார்த்த மேலாளர் அங்கேயே மனம் மயங்கிவிட்டார்.

எங்கள் ஆபரேஷன் பிரிவு நண்பர் இதற்குத்தான் ஆதரவு. "ராத்திரி எண்ணெய் ஆறுமே சார், அப்ப வார்னிஷ் பிரிஞ்சு நிக்கும், அப்ப பிடிக்கட்டுமே" என்றார். நல்ல வாதம். இந்த மெஷின் பிடிப்பது மிதக்கும் துகளை மட்டுமே. கரைந்திருப்பது அதன் கைக்குச் சிக்காது. எண்ணெய் 40 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அதற்குச் சாப்பாடு. எனவே கேள்வி, எங்கள் டேங்க் இரவில் எவ்வளவு ஆறுகிறது?

ஒரு வாரம் விடிகாலை ஐந்து மணிக்கு டேங்க் வெப்பத்தைக் குறித்தோம். எல்லா நாளும் 46, 47. காரணம் யோசித்தால் தெரியும். மெஷின் நின்றாலும் ரோட்டர் வளையாமலிருக்க அதை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருக்கிறோம். அதற்காக லூப் ஆயிலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சூடான ரோட்டரின் வெப்பமெல்லாம் பேரிங் வழியாக எண்ணெயில் இறங்குகிறது. நம் ஊர் இரவும் குளிர்வதில்லை. ஆறுவது டேங்க் அல்ல, சர்வோவுக்குப் போகும் அந்த முட்டுச் சந்துக் குழாய் மட்டுமே. அங்கே பிரியும் வார்னிஷ் டேங்குக்கு வரவே வராது, ஸ்பூலில் ஒட்டிவிடும். டேங்கில் மாட்டிய மெஷின் இரவெல்லாம் கரைந்த எண்ணெயைக் குடித்துக்கொண்டு சும்மா இருக்கும்.

நண்பர் சளைக்கவில்லை, மெஷினுக்கு முன்னால் ஒரு கூலர் வைக்கலாம் என்றார். வைக்கலாம். செலவு கூடும், பராமரிக்க இன்னொரு பொருள் கூடும். தண்ணீர் 500 பி.பி.எம். தாண்டினால் இந்த மெஷின் வேலை செய்யாது என்பதையும் கூலர் கசிவு அனுபவம் உள்ளவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆனால் இதே மெஷின் வேறு இடத்தில் முதல் தேர்வாக இருக்கும். சென்னை பேசின் பிரிட்ஜில் நிறுவிய 30 மெகாவாட் டர்பைன்களைப்போல, உச்சத் தேவைக்கென்று அமைத்து நாள்கணக்கில் காத்திருக்கும் வகை என்றால், டேங்கே முழுசாக ஆறிக் கிடக்கும். கழிவு பிரிந்து மிதக்கும். அங்கே எலெக்ட்ரோஸ்டாடிக் மெஷினோ, எண்ணெயைக் குளிர்வித்துச் செல்லுலோஸ் கட்டையில் ஊறவைத்து வடிக்கும் டெப்த் ஃபில்டரோ நன்றாக வேலை செய்யும். டெப்த் ஃபில்டரைப் பற்றித் தனியே சொல்ல அதிகமில்லை. விலை குறைவு, கொஞ்சம் தண்ணீரையும் உறிஞ்சும், கட்டையை மாற்ற யாருக்கும் பயிற்சி வேண்டாம். குளிர்ந்த எண்ணெய் இல்லாவிட்டால் அதுவும் சும்மாதான்.

ரெசின்

பவர் பிளான்ட்டில் டி.எம். பிளான்ட் பார்த்தவருக்கு ரெசின் புதிதல்ல. தண்ணீரிலுள்ள உப்பைப் பிடிக்கும் அதே மணிகளின் உறவுக்காரர்கள் எண்ணெய்க்கும் இருக்கிறார்கள். ஓட்டையின் அளவு பார்த்துப் பிடிப்பதல்ல இது. ஆக்சிஜனேற்றத்தில் பிறந்த கழிவுக்கு முனைவுத் தன்மை உண்டு, அமிலத் தன்மையும் உண்டு. மணியின் மேற்பரப்பு அதை ஈர்த்துப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே கழிவு கரைந்திருந்தாலும் பிடிபடும். எண்ணெய் 54 டிகிரியில் இருந்தாலும் பரவாயில்லை, மெஷின் ஃபுல் லோடில் ஓடினாலும் பரவாயில்லை.

இதில் எனக்குப் பிடித்தது அடுத்து நடப்பது. கரைந்த கழிவு குறையக் குறைய எண்ணெய்க்குக் கரைக்கும் பசி திரும்புகிறது. சுவரில் ஒட்டியிருக்கும் பழைய வார்னிஷ் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய்க்குள் திரும்பி வருகிறது, ரெசினில் போய் முடிகிறது. பெயர்ந்து விழுவதில்லை, கரைந்து போகிறது. கெமிக்கல் கிளீனர் நான்கு நாளில் செய்ய முயல்வதை இது நான்கு மாதத்தில் செய்கிறது. ஆரிஃபிஸை எதுவும் அடைப்பதில்லை. இரவில் ஆறும் சர்வோ குழாயிலும் பிரிவதற்குக் கழிவு மிச்சமில்லை.

குறைகளைச் சொல்லாவிட்டால் நான் வெண்டர் ஆகிவிடுவேன். டி.எம். ரெசினைப்போல அமிலம், காஸ்டிக் விட்டு இதைப் புதுப்பிக்க முடியாது. தீர்ந்தால் தூக்கிப் போட வேண்டும், கார்ட்ரிட்ஜ் விலை கையைக் கடிக்கும். ஓட்டம் மெதுவு. எங்களுக்குப் பேசிய ஸ்கிட் (பம்பும் ரெசினும் ஒரே சட்டத்தில் மாட்டிய மெஷின்) நிமிடத்துக்கு 10 லிட்டர். 6,400 லிட்டர் ஒருமுறை அதன் வழியே போய்வர ஏறக்குறைய 11 மணி நேரம். முதல் மாதத்தில் எம்.பி.சி. இறங்காமலே இருக்கலாம், ஒருவேளை ஏறவும் செய்யலாம். சுவரிலிருந்து வருவதும் சேர்கிறதல்லவா. அப்போது பொறுமை இழந்து நிறுத்திவிடும் நிலையங்கள் உண்டு. சில ரெசின்கள் ஈரத்தோடு வரும், அந்த ஈரத்தை எண்ணெயில் விடும்.

இன்னொன்றை வெண்டர்கள் தாமாகச் சொல்வதில்லை. ஃபீனால், அமீன் இரண்டையும் ரெசின் தொடாது என்பார்கள், அது பெரும்பாலும் சரி. ஆனால் துருப்பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் அடிட்டிவ் அமில வகையாக இருந்தால் அதையும் ரெசின் பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. எனவே எண்ணெய்க் கம்பெனியிடம் எழுத்தில் கேட்க வேண்டும். ரெசின் ஓடத் தொடங்கிய பிறகு டி 665 துருச் சோதனையை ஒருமுறை செய்ய வேண்டும். நாங்கள் கேட்டபோது பதில் வர மூன்று வாரம் ஆனது. வந்தது, பிரச்சினை இல்லை என்று.

மிச்சம் இரண்டு வழி

கரைக்கும் சக்தியைக் கூட்டும் திரவத்தைச் சில சதவீதம் எண்ணெயில் கலப்பது ஒன்று. எண்ணெயை மாற்ற வேண்டாம், மெஷின் வேண்டாம், ஊற்றினால் போதும் என்பதால் ஆசை வரும். கழிவு வெளியே போவதில்லை, கரைந்த நிலையிலேயே வைத்துக்கொள்கிறோம். எண்ணெய்க் கம்பெனி, டர்பைன் தயாரிப்பாளர் இருவரும் சம்மதித்தால் செய்யலாம். எங்களுக்கு ஒருவர் சம்மதித்தார், ஒருவர் மௌனம். விட்டுவிட்டோம்.

எதுவும் செய்யாமல் ஒட்டும் சர்வோவை மட்டும் மாற்றிக்கொண்டே போவது மற்றொன்று. நாங்கள் இரண்டு வருடம் செய்தது இதுதான் என்பதால் அதைத் திட்ட எனக்கு உரிமை இல்லை.

என்ன எழுதிக் கொடுத்தேன்

எண்ணெயை டிசம்பரில் மாற்ற வேண்டாம், 62 சதவீத ஆயுளோடு இருப்பதை வடித்துக் கொட்டுவது வீண். எலெக்ட்ரோஸ்டாடிக் மெஷின் எங்கள் ஓட்ட முறைக்குப் பொருந்தாது, அதற்கு 47 டிகிரி சாட்சி. ரெசின் ஸ்கிட்டை வாங்க வேண்டாம், ஆறு மாதம் வாடகைக்கு எடுப்போம். கார்ட்ரிட்ஜ் எத்தனை என்பதை ஒப்பந்தத்தில் எண்ணிக்கையாக எழுதுவோம், "தேவைக்கேற்ப" என்று எழுத வேண்டாம். சாம்பிள் எப்போதும் மெஷின் ஓடும்போது ஹெடரிலிருந்து எடுக்க வேண்டும், டேங்க் அடியிலிருந்து அல்ல. லேபுக்கு மூன்று நாள் காத்திருப்பு கட்டாயம் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுத வேண்டும்.

கூடவே அதிகச் செலவில்லாத இரண்டு வேலை. ஃபில்டர் எலிமென்ட்டை அடுத்த முறை பொறி விடாத வகையாக வாங்குவது. பேன் நசுக்கும் சத்தம் நின்றதா என்று காது வைத்துப் பார்ப்பது. ஐ.ஜி.வி. சர்வோவுக்குப் போகும் அந்த முட்டுச் சந்துக் குழாய்க்கு ஹீட் டிரேசிங் என்னும் சூடேற்றும் கம்பியைச் சுற்றி, மேலே இன்சுலேஷன் கட்டுவது. ரெசின் வேலை செய்து முடிக்கும்வரை காலை ஸ்டார்ட்டைக் காப்பாற்றப் போவது இந்தக் கம்பிதான் என்று நினைக்கிறேன்.

குறிப்பைப் படித்த மேலாளர் ஒரே கேள்வி கேட்டார்: "ஆறு மாசத்துல இறங்கலன்னா?" இறங்காவிட்டால், அதற்குள் ஆர்.பி.வி.ஓ.டி. என்ன சொல்கிறது என்று பார்த்து, டர்பைனைத் திறந்து சூடான பாகங்களைப் பார்க்கும் அடுத்த ஹாட் கேஸ் பாத் இன்ஸ்பெக்‌ஷனில் மாற்றுவோம். குழாய்கள் அதற்குள் பாதியாவது கழுவியிருக்கும், புது எண்ணெய் வீணாகாது என்றேன். கையெழுத்துப் போட்டார். கீழே பேனாவால் ஒரு வரி சேர்த்தார்: ஐ.ஜி.வி. சர்வோ ஸ்பேர் ஒன்று எப்போதும் ஸ்டோரில் இருக்க வேண்டும். அது என் குறிப்பில் விட்டுப்போயிருந்தது.

ஸ்கிட் வந்து ஏழு வாரம் ஆகிறது. ரிஜிஸ்டரில் இப்போது நான்கு வில்லைகள் ஒட்டியிருக்கின்றன. மூன்றாவது டிகாக்‌ஷனைவிடக் கொஞ்சம் கருப்பு, 39. நான்காவது 31. ஃபிட்டர் அண்ணன் மூன்றாவதைக் காட்டி, "இது சுவத்துல இருந்து வந்தது" என்று புதிதாகச் சேர்ந்த டிரெய்னிகளுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார்.